டெம்லோ: 12345678987654321-இன் கதை

முதலில் எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

12345678987654321

ஒன்றில் ஆரம்பித்து ஒன்பது வரை ஏறி, மறுபடியும் ஒன்றுக்கு இறங்கி வருகிறது. மொத்தம் 17 இலக்கங்கள். நம் ஊர்க் கணக்கில் வாய்விட்டுப் படிப்பதென்றால், 123 கோடியே 45 லட்சத்து 67 ஆயிரத்து 898 கோடியே 76 லட்சத்து 54 ஆயிரத்து 321. மூச்சு வாங்குகிறதா? எனக்கும்தான்.

யாரோ பொழுதுபோகாமல் கீபோர்டில் வரிசையாகத் தட்டிய எண் மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் இது உருப்படியான ஒரு கணக்கின் விடை. ஒன்பது ஒன்றுகளை வரிசையாக எழுதி, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் இதுதான் வரும்.

111111111 × 111111111 = 12345678987654321

ஏன் என்று புரிந்துகொள்ள நாலாம் வகுப்புப் பெருக்கல் போதும். ஒன்றால் பெருக்கினால் அதே எண். அதனால் 111111111-ஐ ஒன்பது முறை, ஒவ்வொரு முறையும் ஓர் இடம் தள்ளித் தள்ளிப் படிக்கட்டு மாதிரி எழுதிக் கூட்ட வேண்டும். வலது ஓரத்துப் பத்தியில் ஒரே ஒரு ஒன்று. அடுத்த பத்தியில் இரண்டு, அதற்கடுத்து மூன்று. நடுப்பத்தியில் ஒன்பது ஒன்றுகளும் சேர்ந்து நிற்கும், அப்புறம் ஒவ்வொன்றாகக் குறையும். எந்தப் பத்தியிலும் கூட்டல் பத்தைத் தொடுவதில்லை என்பதால் 'மீதி ஒன்று' என்று விரல் மடக்க வேண்டிய வேலையே இல்லை. பத்து ஒன்றுகளை எடுத்துக்கொண்டால் நடுவில் பத்து வந்துவிடும், மீதி இடப்பக்கம் போகும், அழகு கெட்டுவிடும். பத்து ஒன்றுகளின் வர்க்கம் 1234567900987654321. எட்டைக் காணோம் பாருங்கள். ஆக இந்த வரிசையில் முழு அழகோடு நிற்கும் கடைசி எண், நம்முடைய 17 இலக்கக்காரர்தான்.

இப்போது அவருடைய ஜாதகம்.

111111111-ஐப் பகா எண்களாக உடைத்தால் 3 × 3 × 37 × 333667. நம் எண் அதன் வர்க்கம் என்பதால் ஒவ்வொன்றும் இரட்டிப்பாக வரும்: 3 நான்கு முறை, 37 இரண்டு முறை, 333667 இரண்டு முறை. இதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் மொத்தம் 45. ஒன்றிலிருந்து ஒன்பது வரை கூட்டினாலும் 45-தான். இது தற்செயல், இதில் தத்துவம் தேட வேண்டாம். இலக்கங்களைக் கூட்டினால் ஏறும்போது 45, இறங்கும்போது 36, மொத்தம் 81. அந்த 81-ஆல் நம் எண்ணை வகுத்தால் மீதியில்லாமல் போகிறது: 152415789971041. இது வேறு யாருமில்லை, 12345679-இன் வர்க்கம். எட்டு இல்லாத இந்த 12345679-ஐப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். அதை 63-ஆல் பெருக்கினால் 777777777 வரும் என்று யாராவது ஒரு மாணவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொல்லியிருப்பான்.

333667-இடமும் ஒரு விசேஷம் உண்டு. 1-ஐ அதனால் வகுத்துக்கொண்டே போனால் 0.000002997 000002997 000002997 என்று ஒன்பது இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். இப்படிச் சரியாக ஒன்பது இலக்கச் சுழற்சி கொண்ட பகா எண் உலகத்தில் இது ஒன்றுதான். 37-க்கும் அதே மாதிரி தனிப்பெருமை: மூன்று இலக்கச் சுழற்சி கொண்ட ஒரே பகா எண்.

என்னைப் போலப் பெட்டி தட்டிப் பிழைப்பவர்களுக்காக ஒரு சின்ன இடைச்செருகல். இந்த எண்ணை எக்ஸெலில் அடித்துப் பாருங்கள். 12345678987654300 என்று கடைசி இரண்டு இலக்கத்தை விழுங்கிவிடும், 15 இலக்கத்துக்கு மேல் அது ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண்ணாகக் கொடுத்தால் 12345678987654320 ஆகிவிடும். அதன் எண்கள் 9007199254740992 வரைதான் ஒன்றுவிடாமல் நம்பகம், அதைத் தாண்டினால் இரண்டிரண்டாகத் தாவ ஆரம்பிக்கும். கடைசி ஒன்றைத் தொலைத்தால் மாலை அறுந்துவிடும். 16 இலக்கக் கார்டு எண்களை எக்ஸெல் ஷீட்டில் எண்ணாகவே போட்டு வைத்துக் கடைசி இலக்கம் பூஜ்யமாகிப்போய்த் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் நம் தொழிலில் நிறைய. பேப்பரும் பென்சிலும் இந்தத் தப்பைப் பண்ணாது.

மாலை என்று சும்மா சொல்லவில்லை. இந்த எண்ணின் தம்பி ஒருவர் இருக்கிறார்: 12345654321. ஆறு ஒன்றுகளின் வர்க்கம். இந்தத் தம்பி 1100 வருடங்களுக்கு மேல் பழைய ஒரு புத்தகத்தில் இருக்கிறார்.

புத்தகம், மகாவீராசார்யர் சமஸ்கிருதத்தில் எழுதிய 'கணித சார சங்கிரகம்'. ஒன்பதாம் நூற்றாண்டு. (தீர்த்தங்கரர் மகாவீரர் வேறு, இவர் வேறு.) சமணரான இவர் கன்னட தேசத்தில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் ஆட்சிக்காலத்தில் வாழ்ந்தவர். அந்த ராஜாவின் தலைநகரான மான்யகேடம் இன்றைக்குக் கலபுரகி மாவட்டத்தில் மால்கேட் என்ற சிற்றூர். நம் ஊரிலிருந்து மும்பைக்கு ரயிலில் வருகிறவர்களுக்குக் குல்பர்கா என்றால் புரியும், சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு இறங்கி ஓடுவோமே, அந்தப் பக்கம்தான். அந்தக் காலத்துக் கணிதப் புத்தகங்கள் பெரும்பாலும் வானசாஸ்திரப் புத்தகத்துக்குள் ஓர் அத்தியாயமாக ஒட்டிக்கொண்டு வரும். மகாவீரர் அப்படி இல்லாமல் கணிதத்துக்கென்றே தனிப் புத்தகம் போட்டார். பின்னம், வட்டி, முக்கோணம், குழி வெட்டும் கூலி என்று எல்லாம் உண்டு.

அதில் பெருக்கல் பகுதியில் வரும் பயிற்சிக் கணக்குகளைப் பார்த்தால் மனிதருக்கு இலக்கங்கள் மேல் எவ்வளவு ஆசை என்பது தெரியும். சில உதாரணங்கள்:

139 × 109 = 15151
152207 × 73 = 11111111
12345679 × 9 = 111111111
14287143 × 7 = 100010001
142857143 × 7 = 1000000001
27994681 × 441 = 12345654321

எதையாவது இரண்டு எண்களைக் கொடுத்துப் பெருக்கச் சொன்னால் பயிற்சி முடிந்தது. இவர் அப்படிச் செய்யவில்லை. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒரே மாதிரி வரும் விடையாகத் தேடிப்பிடித்து, அதற்கேற்றபடி கேள்வியைப் பின்னோக்கித் தயார் செய்திருக்கிறார். இந்த மாதிரி விடைகளில் சிலவற்றைக் கழுத்தில் போடும் மாலை என்றும் அரசனின் கண்டிகை என்றும் வர்ணிக்கிறார். 12345654321-ஐ, ஒன்றில் தொடங்கி ஆறு வரை வளர்ந்து பிறகு வரிசையாகத் தேய்வது என்று சொல்கிறார். இதில் இன்னொரு சிரமத்தையும் கவனிக்க வேண்டும். அவர் செய்யுளில் எழுதுகிறார். நிலவு என்றால் 1, கண் என்றால் 2, கடல் என்றால் 4 என்கிற ரீதியில் இலக்கங்களுக்குப் பதிலாகச் சொற்கள். மாணவன் சொற்களை இலக்கமாக்கி, பெருக்கி முடிக்கும்வரை மாலை கண்ணில் படாது. விடை வந்ததும்தான் 'அட!' வரும். விடை சரியா என்று வாத்தியாரைக் கேட்கவும் தேவையில்லை. மாலை கோணலாக இருந்தால் கணக்கு தப்பு.

தமிழிலும் இதற்குப் பெயர் மாலைதான் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். விகடகவி மாதிரி இருபுறமும் ஒன்றாகப் படிக்கும்படி செய்யுள் அமைப்பதற்கு மாலைமாற்று என்று பெயர். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் அப்படிப் பாடியிருக்கிறார். அவர் எழுத்தில் கோத்தார், இவர் எண்ணில் கோத்தார்.

இந்தப் புத்தகம் நம் கைக்கு வந்ததில் மெட்ராஸுக்குப் பங்கு உண்டு. பிரசிடென்சி கல்லூரியின் சமஸ்கிருதப் பேராசிரியரும், அரசாங்கக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் பொறுப்பாளருமான ம. ரங்காசார்யா, சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்து ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்தார். 1912-இல் மெட்ராஸ் அரசு அச்சகம் வெளியிட்டது. முன்னுரை எழுதியவர் அமெரிக்கக் கணித வரலாற்றாசிரியர் டேவிட் யூஜின் ஸ்மித். பழைய இந்தியக் கணிதம் என்றால் ஆரியபட்டர், பிரம்மகுப்தர், பாஸ்கரர் என்று மூன்று பேரோடு நின்றுவிடும் பழக்கத்தில், நாலாவதாக மகாவீரரின் பெயரும் சேர்ந்தது இதற்குப் பிறகுதான்.

சரி, அண்ணனுக்கு வருவோம். ஒன்பது வரை ஏறி இறங்குகிறவருக்கு ஆயிரம் வருடம் கழித்துப் பெயர் வைத்தது ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர். 1905 ஜனவரி 17-ஆம் தேதி, மும்பைக்கு வடக்கே கடலோர ஊரான டஹாணுவில் பிறந்தவர். எட்டு வயதில் அம்மா போய்விட்டார். அப்பா குமாஸ்தா, ஜோசியத்தில் ஈடுபாடு உள்ளவர். ஜோசியம் பார்க்கிற வீட்டில் கூட்டல் கழித்தலுக்குப் பஞ்சமிருக்காது, பையனுக்கு எண் பைத்தியம் அங்கேதான் பிடித்தது. பள்ளிப்படிப்பு தாணேயில். 1923-இல் புனே பெர்குஸன் கல்லூரியில் சேர்ந்தார். 1927-இல் ராங்லர் பராஞ்பே பெயரிலான கணிதப் பரிசு கிடைத்தது. 1929-இல் பட்டம். அவ்வளவுதான் படிப்பு, அதற்கு மேல் எம்.ஏ.வும் இல்லை, ஆராய்ச்சிப் பட்டமும் இல்லை. 1930-இல் நாசிக் பக்கத்து ராணுவ ஊரான தேவ்ளாலியில் பள்ளி ஆசிரியர் வேலை. 1962-இல் ஓய்வு பெறும்வரை அதே ஊர், அதே வேலை.

1923-இல், பதினெட்டு வயசில், பம்பாய் பக்கம் ரயில் மாறுவதற்காக ஒரு ஸ்டேஷனில் நின்றபோது இந்த எண்களைப் பற்றிய யோசனை வந்தது என்று சொல்வார்கள். அப்போதைய ஜி.ஐ.பி. ரயில்வேயில் பம்பாயிலிருந்து 30 மைல் தூரத்திலிருந்த அந்த ஸ்டேஷனின் பெயர் டெம்லோ. இன்றைய டோம்பிவிலி! அதனால் அந்த எண்களுக்கு டெம்லோ எண்கள் என்றே பெயர் வைத்துவிட்டார்.

மும்பையில் இருப்பவர்களுக்கு டோம்பிவிலியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நம்மவர்கள் நிறையக் குடியிருக்கிற இடம். காலை எட்டு மணிக்கு அந்தப் பிளாட்பாரத்தில் நின்றால் யோசனை எதுவும் வராது, பின்னாலிருந்து வரும் தள்ளுதான் வரும். அந்த இடத்தில் ஒருவர் நின்று 12345678987654321-ஐப் பற்றி யோசித்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பும் வரும், கொஞ்சம் பொறாமையும் வரும் :-)

டெம்லோ எண் என்றால் என்ன? ஓர் எண்ணை இடது, நடு, வலது என மூன்று துண்டாக்குங்கள். இடதுக்கும் வலதுக்கும் ஒரே அளவு இலக்கங்கள். இரண்டையும் கூட்டினால் ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வர வேண்டும். நடுத்துண்டிலும் அதே இலக்கம்தான் இருக்க வேண்டும், எத்தனை முறை வேண்டுமானாலும். உதாரணமாக 41666625. இடது 41, வலது 25, கூட்டினால் 66. நடுவில் ஆறுகள். இந்தப் பெரிய கூட்டத்துக்குள் ஒன்றுகளின் வர்க்கங்களாக வரும் 1, 121, 12321, 1234321 வகையறாவை 'அற்புத டெம்லோ எண்கள்' என்று தனியாகப் பிரித்தார். நம் எண்ணுக்குச் சோதனை போட்டுப் பாருங்கள்: 12345678-உம் 87654321-உம் சேர்ந்தால் 99999999. நடுவில் 9. தேர்ச்சி.

இவற்றைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1938-இல், இந்தியக் கணிதச் சங்கத்தின் 'தி மேத்தமேடிக்ஸ் ஸ்டூடண்ட்' இதழில் வந்தது. அந்தச் சங்கத்தை 1907-இல் ஆரம்பித்த வி. ராமஸ்வாமி ஐயரும் கணிதப் பேராசிரியர் இல்லை, டெபுடி கலெக்டர். ராமானுஜன் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வேலை கேட்டுப்போன அதே ராமஸ்வாமி ஐயர். தொழில் வேறாக இருந்தாலும் கணிதம் பேச வரலாம் என்பது அந்தச் சங்கத்தின் பிறப்பிலேயே இருந்த குணம். 1939-இல் கே.ஆர். குஞ்ஜிகருடன் சேர்ந்து டெம்லோ எண்களின் கோட்பாடு என்று இன்னொரு கட்டுரை, பம்பாய்ப் பல்கலைக்கழக இதழில். பிறகு வந்த பல கண்டுபிடிப்புகளைச் சின்னச் சின்னப் புத்தகங்களாகத் தானே அச்சடித்து வெளியிட்டார்.

அடுத்த வருடமே, 1940-இல், இங்கிலாந்தில் ஒரு புத்தகம் வந்தது. ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஜி.எச். ஹார்டி எழுதிய 'ஒரு கணிதனின் சமாதானம்'. அதில் ஹார்டி, கணிதம் அல்லாதது எது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறார். நாலு இலக்க எண்களில் தன்னைத் திருப்பிப்போட்ட எண்ணின் மடங்காக வருபவை இரண்டுதான்: 8712 என்பது 2178-ஐப் போல நாலு மடங்கு, 9801 என்பது 1089-ஐப் போல ஒன்பது மடங்கு. பத்திரிகைப் புதிர்ப் பக்கத்துக்கு இது சரி, ஒரு கணிதனின் மனசைத் தொட இதில் எதுவும் இல்லை என்பது அவர் தீர்ப்பு. நிரூபணமும் கடினமில்லை, அதிலிருந்து பொதுவாக எதுவும் கிளைப்பதும் இல்லை.

கப்ரேக்கரை மனதில் வைத்து ஹார்டி இதை எழுதவில்லை. ஆனாலும் அடி நேராக அவர் முதுகில்தான் விழுகிறது. கப்ரேக்கர் வாழ்நாள் முழுக்கச் செய்தது இந்த மாதிரி வேலையைத்தான்.

ஹார்டி சொல்வதில் நியாயம் இல்லையா? இருக்கிறது. நம் எண்ணின் அழகில் பெரும்பங்கு பத்தடிமானத்தின் புண்ணியம். நமக்குப் பத்து விரல். பன்னிரண்டு விரல் இருந்து பன்னிரண்டை அடியாக வைத்து எண்ணியிருந்தால், மாலை பதினொன்று வரை ஏறி இறங்கியிருக்கும், அப்போது இந்த 17 இலக்கக்காரரை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஓர் எண் பகா எண்ணா என்பது எந்த அடியில் எழுதினாலும் மாறாது. அது எண்ணின் குணம். மாலையாகத் தெரிவது எழுதும் முறையின் குணம். இந்த வித்தியாசம் முக்கியம், இதைக் கண்டுகொள்ளாமல் இலக்க விளையாட்டு எல்லாவற்றையும் 'வேதத்தில் அப்பவே இருக்கு' ரேஞ்சுக்குத் தூக்கிவைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

ஆனால் ஹார்டி உதறிய அந்த 9801-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அது 99-இன் வர்க்கம். அதை 98, 01 என்று இரண்டாக வெட்டிக் கூட்டினால் 99. மறுபடியும் அதே எண்! இப்படி வர்க்கத்தை வெட்டிக் கூட்டினால் தானே திரும்பி வரும் எண்களுக்குத்தான் இன்று கப்ரேக்கர் எண்கள் என்று பெயர். 45-இன் வர்க்கம் 2025, 20 + 25 = 45. (2025 பிறந்தபோது வாட்ஸப்பில் சுற்றிச்சுற்றி வந்ததே.) 297-இன் வர்க்கம் 88209, 88 + 209 = 297. 703-க்கு 494209, 494 + 209 = 703. நம் ஒன்பது ஒன்றுகள் இதில் தேறுமா? 12345678-ஐயும் 987654321-ஐயும் கூட்டினால் 999999999. ஒன்பது மடங்கு அதிகம், தேறவில்லை. ஆனால் அந்த விடையான 999999999 தேறிவிடுகிறது: அதன் வர்க்கம் 999999998000000001, வெட்டிக் கூட்டினால் 999999999.

ஒன்பதுகள் ஏன் வரிசையாக வந்து உட்காருகின்றன என்று கேட்க ஆரம்பித்தால், பத்தின் அடுக்குகளிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண்களின் காரணிகள் என்ன என்ற கேள்வியில் போய் நிற்போம். அது புதிர்ப் பக்கத்துக் கேள்வி இல்லை. பின்னங்களின் இலக்கச் சுழற்சி பற்றி 1801-இலேயே காஸ் தன் பெரிய புத்தகத்தில் எழுதியிருக்கிறார். இந்த வகை எண்களின் காரணிகளை அட்டவணை போடுவதையே பிற்காலத்து வேலையாக வைத்துக்கொண்டவர் ஆலன் கன்னிங்ஹாம். டெல்லியில் பிறந்தவர், தொல்லியல் துறையை நிறுவிய அலெக்ஸாண்டர் கன்னிங்ஹாமின் மகன், ரூர்க்கி பொறியியல் கல்லூரியில் பத்து வருடம் கணிதம் சொல்லிக்கொடுத்த ராணுவ எஞ்சினியர். 1925-இல் அவரும் வுடாலும் வெளியிட்ட அட்டவணையில் 2, 3, 5 ஆகிய அடிகளோடு 10-உம் உண்டு. கம்ப்யூட்டர் வந்தபின் இன்றுவரை அந்த வேலை அவர் பெயரிலேயே தொடர்கிறது. டெம்லோ ஸ்டேஷனில் நின்ற பையன் வாசல் வரை வந்துவிட்டான். உள்ளே கூட்டிப்போகத்தான் ஆள் இல்லை.

ராமானுஜன் பெயர் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஹார்டி வந்த டாக்ஸியின் எண் 1729, சுவாரசியமில்லாத எண் என்று அவர் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று ராமானுஜன் சொன்னார். கப்ரேக்கரிடம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். 1 + 7 + 2 + 9 = 19. 1729-ஐ 19-ஆல் வகுத்தால் 91. 19-ஐத் திருப்பினால் 91! முதல் பதில் எந்த அடிமானத்திலும் நிற்கும், இரண்டாவது நிற்காது. இரண்டு பதில்களுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் கேட்டால் முகம் மலர்கிறது.

அந்த மலர்ச்சியைத்தான் கப்ரேக்கர் பெயராகவே வைத்தார். இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கு 'ஹர்ஷத்' எண்கள். ஹர்ஷம் தருவது, மகிழ்ச்சியைக் கொடுப்பது. 81-ஆல் வகுபட்ட நம் எண்ணும் ஹர்ஷத் எண்தான். இந்த எண்களைப் பற்றி அமெரிக்கக் கணிதர் ஐவன் நிவென் 1977-இல் ஒரு மாநாட்டில் பேசினார், அங்கே நிவென் எண்கள் என்று பெயர் ஆகிவிட்டது. இன்னொரு வகை, சுய எண்கள். ஓர் எண்ணோடு அதன் இலக்கங்களைக் கூட்டினால் இன்னொரு எண் பிறக்கும்: 21 + 2 + 1 = 24. இப்படி எதிலிருந்தும் பிறக்காத எண்கள் உண்டு. 20, 31, 42, 53 எல்லாம் அப்படி அப்பா அம்மா இல்லாதவை. இதைத் தன் ஊர் பெயரால் தேவ்ளாலி எண்கள் என்றும் சொல்வதுண்டு. 1974-இல் கொலம்பியாவைச் சேர்ந்த பெர்னார்டோ ரெகமான் இதே விஷயத்தைக் கேள்வியாக ஓர் அமெரிக்க இதழில் கேட்க, அதற்குக் கொலம்பிய எண்கள் என்று இன்னொரு பெயரும் சேர்ந்தது. நம் வாத்தியார் இவற்றைக் கண்டு கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

அவருடைய புகழ்பெற்ற எண் 6174 முதலில் மேடை ஏறியது நம் ஊரில்தான். 1949-இல் மெட்ராஸில் நடந்த கணித மாநாட்டில் அதை அறிவித்தார். எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த நாலு இலக்க எண்ணையும் எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிக் கழித்துக்கொண்டே போனால் ஏழு படிகளுக்குள் 6174-இல் வந்து சேரும். சேர்ந்தபின் வெளியே போக முடியாது: 7641 − 1467 = 6174. (இதுவும் ஹர்ஷத் எண். 18-ஆல் வகுத்தால் 343.) எங்கிருந்து கிளம்பினாலும் ஓரிடத்தில் வந்து நிற்கும் இந்தக் குணம், கணிதத்தில் எத்தனையோ இடங்களில் தீவிரமாக ஆராயப்படுகிற குணம். ஆனாலும் இலக்க விளையாட்டு என்பதால் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை.

1966-இல் மனைவி இறந்தார். வாத்தியார் பென்ஷன் வயிற்றுக்குப் போதவில்லை, டியூஷன் எடுத்துத்தான் சமாளித்தார். இத்தனைக்கும் செலவாளி இல்லை, எண்களைத் தவிர வேறு ஆசை அவருக்கு இல்லை. குடிகாரன் போதையிலேயே இருக்க விரும்புவது மாதிரி எனக்கு எண்கள் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். 1975 மார்ச்சில் மார்ட்டின் கார்ட்னர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்தியில் அவரைப் பற்றி எழுதினார். அதன் பிறகுதான் உலகம் முழுக்கப் பெயர் தெரிந்தது. அப்போது அவருக்கு வயது எழுபது. மாநாடு மாநாடாக அவர் வந்து பேசியதைக் கேட்ட நம்மவர்களில் யாராவது இருபது வருடம் முன்னால் அந்தப் பத்தியை எழுதியிருக்கலாம். எழுதுவதற்கு ஆராய்ச்சிப் பட்டம் தேவையில்லை, கணிதத்தில் அதற்கு இடமில்லை என்று நினைத்தால் ஒரு வாரப் பத்திரிகை போதுமே. எனக்கு இதில் ஹார்டி மேல் வருத்தம் இல்லை. அவர் கணிதத்துக்குத்தான் எல்லை போட்டார். ரசிப்பதற்கும் சேர்த்து எல்லை போட்டது நாம்.

கண்டுகொள்ளாமல் விட்ட இடத்தில் என்ன இருந்தது என்பது பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. அடுத்தடுத்து வரும் எண்கள் எல்லாமே ஹர்ஷத் எண்களாக இருந்தால் அந்த வரிசை எவ்வளவு நீளலாம்? 1 முதல் 10 வரை எல்லாமே ஹர்ஷத், 11-இல் அறுந்துவிடுகிறது. கூப்பர், கென்னடி என்ற இருவர் 1993-இல் நிரூபித்தார்கள்: 20 எண்கள் வரை தொடர முடியும், 21 ஒருபோதும் முடியாது. அந்த 20 எண் வரிசையும் இருக்கிறது, ஆனால் அவர்கள் காட்டியது நாலாயிரம் கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண்களில்! இதற்குப் பக்கத்தில் நம் 17 இலக்கக்காரர் எறும்பு.

வெறும் ஒன்றுகளால் ஆன எண்களுக்கு ஆங்கிலத்தில் 'ரெப்யூனிட்' என்ற பெயரை ஆல்பர்ட் பெய்லர் வைத்தது 1966-இல்தான். டெம்லோ கட்டுரை வந்து 28 வருடம் கழித்து. அவற்றில் பகா எண்கள் எவை என்ற வேட்டை இன்னும் நடக்கிறது. இரண்டு ஒன்றுகள், 11, பகா எண். ஒன்பது ஒன்றுகள் உடைந்துவிடும் என்று பார்த்தோம். 19 ஒன்றுகள் உடையாது, 23 உடையாது, 317 உடையாது. 1031 ஒன்றுகளும் உடையாது என்று ஹ்யூ வில்லியம்ஸும் ஹார்வி டப்னரும் நிரூபித்தது 1986-இல். கப்ரேக்கர் தேவ்ளாலியில் இறந்ததும் அந்த வருடம்தான். அதற்கடுத்தது 49081 ஒன்றுகள். அதை நிரூபித்து முடிக்க 2022 ஆயிற்று.